முதலில் யாருடைய இரத்தம்?

“எனக்குத்தான் வந்து போட்டுதே. இனி என்ர ரத்தத்தைப் பார்த்து என்ன காணப்போறியள்? குமர்ப்பிள்ளையளின்ரயைப் பாருங்கோ.”

முருங்கைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சின்னம்மா சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வருத்தம் வந்து மாறினவரைச் சோதித்து என்ன பயன், வரக்கூடியவர்களை அல்லவா சோதிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனையில் நம்மவர்கள் காசைக் கொட்டித் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எந்த இயந்திரம், எந்த ஊர், எத்தனை பரம்பரையலகு (மரபணு) என்று நாட்கணக்கில் விசாரிப்பார்கள். யாருடைய கையில் ஊசி குத்துவது என்பதை யோசிக்கவே மாட்டார்கள்.

எங்கள் கதை இது. சின்னம்மாவுக்கு 2010இல், 46 வயதில் மார்புப் புற்றுநோய். மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரவு பஸ்ஸில் ஓடி ஓடியே வைத்தியத்தை முடித்தார். இப்போது 61 வயது, வருடத்துக்கொருமுறை தெல்லிப்பழை கிளினிக். 2011இல் நாட்டின் தென்கோடித் தேவேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை பலர் நடந்து சேர்த்த காசில் எழுந்த கட்டடம் அங்கே இருக்கிறது. என் அம்மா 2014இல் சூலகப் புற்றுநோயில் போனார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குக்கூடத்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரே கிழமையில் யோசனைகள் வரிசையாக வந்தன. கனடாவில் ஸ்காபரோவிலிருக்கும் தங்கச்சியிடம் அவளுடைய டொக்டர், ‘வருத்தம் வந்த சொந்தக்காரர் யாருடையதாவது டி.என்.ஏ. ரிப்போர்ட் இருக்கிறதா’ என்று கேட்டிருந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மார்க்கம் மச்சாளின் சூட்கேசில் எச்சில் துப்பி அனுப்பும் பெட்டிகள் இரண்டு இருந்தன. கொழும்பிலிருக்கும் மச்சான், எண்பதுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளைப் பார்ப்பதாகச் சொல்லும் துண்டுப்பிரசுரத்தைப் படம் பிடித்து அனுப்பினார். சென்னையில் முழு எக்ஸோமும், அதாவது எல்லாப் பரம்பரையலகுகளிலும் புரதத்துக்கான பகுதிகளும், வாசிப்பார்கள், ஒரேயடியாக எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றார் இன்னொருவர். மாமா மட்டும், “ஒண்டும் வேண்டாம், இருக்கிற நிம்மதியையும் கெடுக்காதேங்கோ” என்றார்.

சொற்களைப் பற்றி ஒரு வரி. எங்கள் உயிரியல் புத்தகத்தில் பரம்பரையலகு, விகாரம், கலம், நிறமூர்த்தம். தமிழ்நாட்டில் மரபணு, மரபணு மாற்றம், செல், குரோமோசோம். நான் படித்த சொற்களிலேயே எழுதுகிறேன்.

காசில்லாத பரிசோதனை

எந்த ஆய்வுகூடத்துக்கும் போகுமுன் ஒரு கடதாசியில் குடும்பத்தைக் கீற வேண்டும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சின்னம்மாவை இருத்தி வைத்துக் கீறினேன்.

அவர் வருடம் சொல்லமாட்டார். “அம்மா செத்தது இடம்பெயர்ந்து போன இடத்தில. கொடிகாமத்தில. பொங்கலுக்கு முந்தி.” யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. ஆகவே அம்மம்மா போனது அந்த டிசம்பரில், அல்லது அடுத்த ஜனவரியில். என்ன வருத்தம்? “வயித்தில தண்ணி கட்டினது. சாப்பாடு இறங்காது. கர்ப்பிணி மாதிரி வயிறு.” வைத்தியத் துண்டு ஒன்றும் இல்லை. விட்டுவிட்டுப் போன வீட்டோடு அவையும் போயின. வயிற்றில் தண்ணீர் கட்டுவது ஈரலாலும் வரலாம், சூலகப் புற்றுநோயாலும் வரலாம். அம்மம்மாவின் வட்டத்தைப் பாதி கறுப்பாக்கி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

மார்புப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வந்த ஒற்றை விகாரத்தால் ஏற்படுபவை. அதனால் வருத்தம் வந்த எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 50 வயதுக்கு முன் வந்தால், இரண்டு மார்பிலும் வந்தால், ஆணின் மார்பில் வந்தால், ஒரே பக்கத்துச் சொந்தத்தில் மார்பும் சூலகமும் சேர்ந்து வந்தால் யோசிக்க வேண்டும். சூலகத்தின் மேற்படைப் புற்றுநோய் என்றால் வயதைக்கூடப் பார்க்கத் தேவையில்லை, அது ஒன்றே போதும். எங்கள் கலண்டர் தாளில் இரண்டு காரணங்கள் இருந்தன.

தகப்பன் பக்கத்தையும் கீற மறக்கக்கூடாது. ‘இது பொம்பிளையளின்ர வருத்தம், தாய் வழியாத்தான் வரும்’ என்பது பிழை. இந்த வருத்தத்தோடு அதிகம் தொடர்புடைய இரண்டு பரம்பரையலகுகளில் பிராக்கா-1 (BRCA1) 17ஆம் நிறமூர்த்தத்திலும் பிராக்கா-2 (BRCA2) 13ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. இரண்டும் ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் பால் நிறமூர்த்தங்கள் அல்ல. விகாரம் உள்ள தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் பாதிக்குப் பாதி.

எச்சில் பெட்டி

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். வேண்டாம்.

அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு 2018இல் பிராக்கா அறிக்கை கொடுக்க அனுமதி கிடைத்தபோது அது பார்த்தது 3 விகாரங்களை மட்டுமே. மூன்றும் அஷ்கெனாசி யூதரிடையே அடிக்கடி காணப்படுபவை. பிறகு பட்டியல் 44 ஆனது. பிராக்கா இரண்டிலும் நோய் விளைவிப்பதாக அறியப்பட்ட விகாரங்களோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இன்னொரு குடும்பத்தின் வீட்டுத் திறப்பை வைத்து எங்கள் பூட்டைச் சோதிப்பது போன்றது இது. ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. மச்சாளுக்கு ‘இல்லை’ என்றுதான் வந்திருந்தது, அதை நம்பி இரண்டு வருடமாக மமோகிராம் பக்கமே போகவில்லை.

இத்தகைய நிறுவனங்கள் தரும் மூலத்தரவை வேறொரு இணையத்தளத்தில் போட்டுப் பயப்படுகிறவர்களும் உண்டு. அப்படிக் கிடைத்த விகாரங்களை மருத்துவ ஆய்வுகூடத்தில் மறுபடி பார்த்த 2018ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில் 40 சதவீதம் பொய்யாகப் போயின. போதாததற்கு 23அண்ட்மீ 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. துப்பிய எச்சிலின் தரவு யார் கைக்குப் போகும் என்று உலகமே கேட்டது. எந்தக் கண்டத்து ஆதி மூதாதையர் என்று பார்க்க ஆசையென்றால் அது வேறு விஷயம்.

அம்மாவின் மெழுகுக் கட்டி

இது என் மனதுக்கு நெருக்கமான யோசனை, அதனால்தான் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. அம்மாவின் சத்திரசிகிச்சையில் எடுத்த இழையம் போர்மலினில் ஊறி, மெழுகுக் கட்டியாகி, எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கலாம். அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். இறந்தவரைக்கூடச் சோதிக்கலாம்.

ஆனால் போர்மலின் டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாக உடைக்கும். டி.என்.ஏ. ஏ, சி, ஜி, ரி என்ற நான்கு எழுத்தால் ஆனது. இருக்கிற எழுத்தையும் அது கெடுக்கும், ‘சி’ இருந்த இடத்தில் ‘ரி’ என்று காட்டும். பரம்பரையலகின் பெரிய துண்டே காணாமற்போகும் நீக்கங்களை அதில் கண்டுபிடிப்பது கடினம். அதைவிட, கட்டியில் காணும் விகாரம் பிறவியிலேயே வந்ததா, கட்டி வளரும்போது அந்தக் கலங்களில் மட்டும் வந்ததா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சிகிச்சையில் இருப்பவர் என்றால் கதை வேறு. பிராக்கா விகாரம் உள்ள கட்டிகளுக்குக் கொடுக்கும் ஒலாபரிப் போன்ற மருந்து பொருந்துமா என்று அறிய கட்டியைச் சோதிப்பதில் பலன் உண்டு. பரம்பரையை அறிய இரத்தம் இருக்கும்போது கட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. வருத்தம் வந்த ஒருவரும் உயிரோடு இல்லாத குடும்பத்துக்கு அது கடைசி வழி.

எங்களுக்குச் சின்னம்மா இருக்கிறார்.

வேலியில் பொட்டு எங்கே?

சாங்கர், பரம்பரையலகுத் தொகுதி, எக்ஸோம் என்று மூன்று மிஞ்சின. உண்மையான ஒப்பீடு இவற்றுக்கு இடையில்தான்.

பிராக்கா இரண்டின் வேலையும் ஏறக்குறைய ஒன்றே: டி.என்.ஏ.யின் இரண்டு இழையும் அறுந்தால் பிழையில்லாமல் பொருத்த உதவுவது. நமக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள். ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தாலும் மற்றது சமாளிக்கும். ஏதோ ஒரு கலத்தில் அந்த மற்றதும் போய்விட்டால் அங்கே திருத்தவேலை நின்று, பிழைகள் குவியத் தொடங்கும். இரண்டு அடி விழவேண்டும் என்ற இந்தக் கருத்தை 1971இல் அல்பிரட் நட்சன் கண் புற்றுநோயை வைத்துச் சொன்னார். பரம்பரை மார்புப் புற்றுநோய்க்கான இடத்தை 17ஆம் நிறமூர்த்தத்தில் மேரி-கிளயர் கிங் காட்டியது 1990இல். பிராக்கா-1 1994இலும் பிராக்கா-2 1995இலும் கையில் அகப்பட்டன.

*சாங்கர்.* 1977இல் பிரெடரிக் சாங்கர் கொடுத்த முறை. எனக்கு இன்றும் பிடித்தது இதுதான். வேண்டிய பகுதியை பி.சி.ஆர். மூலம் பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசிக்கிறோம். திரையில் நான்கு நிறத்தில் மலைகள் வரிசையாக வரும். ஒரு பிரதியில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருந்தால் அந்த இடத்தில் இரண்டு நிற மலைகள், இரண்டும் அரை உயரத்தில். ஒரு பிரதியில் ஒன்றிரண்டு எழுத்து விழுந்திருந்தால் இன்னும் வேடிக்கை. அந்த இடம்வரை தனித்தனி மலைகள் அழகாக நிற்கும், அதற்குப் பிறகு கடைசிவரை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். முதன்முதல் அதைப் பார்க்கிறவர் இயந்திரம் பழுதென்றே நினைப்பார். நானும் நினைத்தேன்.

ஆனால் ஒரு வாசிப்பு 700, 800 எழுத்துகளோடு களைத்துவிடும். பிராக்கா இரண்டிலும் புரதத்துக்கான எழுத்து மட்டும் கிட்டத்தட்ட 15,800. பரம்பரையலகில் புரதத்துக்கான எழுத்து இருக்கும் துண்டு எக்ஸோன், பிராக்கா-2இன் 11ஆம் எக்ஸோன் ஒன்றே 4,900க்கு மேல். துண்டு துண்டாகப் பெருக்கி, வாசித்து, ஒட்டிப் பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒரு பிரதியில் ஒரு முழு எக்ஸோன் காணாமற்போயிருந்தால் பி.சி.ஆர். மற்றப் பிரதியை மட்டும் பெருக்கித் தரும். சாங்கர் அதை வாசித்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் தாள் கிழிந்திருக்க, கிழியாததைத் திறந்து படித்துவிட்டுத் திருப்தியாக மூடுவது போல. இதைப் பிடிக்க எம்.எல்.பி.ஏ. என்ற வேறு முறை இருக்கிறது. அது எழுத்தைப் படிக்காது, பிரதிகளை எண்ணும். யாராவது ‘பிராக்கா முழுதும் பார்த்தாச்சு’ என்றால், நீக்கமும் (துண்டு காணாமற்போவது) இரட்டிப்பும் (துண்டு கூடுதலாக வருவது) பார்த்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லையென்றால் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

*தொகுதி.* புதிய தலைமுறை வாசிப்பு. டி.என்.ஏ.யை நொறுக்கி, வேண்டிய பரம்பரையலகுகளின் துண்டுகளைத் தூண்டில் போட்டுப் பிடித்து, ஒவ்வொரு இடத்தையும் நூற்றுக்கணக்கான முறை வாசிப்பார்கள். பிராக்கா இரண்டோடு பால்பி-2, ரிபி-53, ஏ.ரி.எம்., செக்-2, பெருங்குடலோடும் கருப்பையோடும் தொடர்புடைய லின்ச் நோயின் பரம்பரையலகுகள் என்று பலவும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற கணக்கை வைத்து நீக்கத்தையும் ஊகிக்கலாம்.

விலை விழுந்த கதையும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் மிரியட் என்ற ஒரே நிறுவனம் பிராக்காவுக்குக் காப்புரிமை வைத்து 3,000 டொலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.யை யாரும் உரிமை கொண்டாட முடியாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் தீர்த்தது. 2015இல் இன்னொரு நிறுவனம் தொகுதி முழுவதையும் 249 டொலருக்கு விற்றது. அதனால்தான் இன்று பிராக்கா இரண்டை மட்டும் சாங்கரில் முழுதாக வாசிப்பது பல இடங்களில் தொகுதியைவிட மலிவாகவும் இல்லை.

தொகுதியின் வில்லங்கம் வேறு. பரம்பரையலகு கூடக் கூட, ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்று வருவதும் கூடும். 2015இலிருந்து ஆய்வுகூடங்கள் மாற்றங்களை ஐந்து படியாகப் பிரிக்கின்றன. நோய் விளைவிப்பது ஒரு முனை, தீங்கற்றது மறுமுனை, இது நட்ட நடு. ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு மலைபோல் இருக்கிறது, எங்களுடையது கைப்பிடி. பிராக்கா-1இல் இலங்கை நோயாளரிடம் காணப்பட்ட மாற்றங்களைப் பற்றிக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இலேயே எழுதியிருக்கிறார்கள். இன்னும் நிறைய வேண்டும். அதுவரை எங்களுக்கு நடுப்படி ரிப்போர்ட்டுகள் அதிகமாகத்தான் வரும். பிற்பாடு தெளியும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கமே சாய்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படி நடுப்படி ஒன்று வந்தது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த நிலையத்தில் இருந்தவர் ‘பொசிற்றிவ்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் நேரே நகையை அடகு வைக்கப் போய்விட்டார், சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்க. நடுப்படியை வைத்து எந்த உறுப்பையும் வெட்டக்கூடாது, சொந்தக்காரரையும் சோதிக்கக்கூடாது. இதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொகுதிப் பரிசோதனை செய்யாதீர்கள்.

*எக்ஸோம்.* சுமார் 20,000 பரம்பரையலகுகள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அகலம் கூடும்போது ஆழம் குறையும், ஒவ்வொரு இடத்தையும் தொகுதி அளவுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கமாட்டார்கள். கேட்காத கேள்விகளுக்கும் பதில் வரும்: இதயம், கொழுப்பு, இன்னும் என்னென்னவோ. காரணம் தெரியாத வருத்தத்தோடு பிறந்த குழந்தைக்கு எக்ஸோம் ஒரு வரம். காரணத்தின் பெயர் ஏறக்குறையத் தெரிந்த எங்கள் குடும்பத்துக்கு அது ஊதாரித்தனம்.

இனிச் சின்னம்மாவின் கேள்வி. கிடுகுவேலியில் எங்கேயோ ஒரு பொட்டு, அதாவது ஓட்டை, இருக்கிறது, மாடு உள்ளே வந்துவிட்டது. பொட்டு எங்கே என்று பார்க்க எந்த வேலிக்குப் போவீர்கள்? மாடு புகுந்த வளவின் வேலிக்குத்தானே. சின்னம்மாவின் மகளை முதலில் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம். குடும்பத்தில் விகாரம் உண்டு, அவளுக்கு வரவில்லை என்பது ஒன்று. குடும்பத்தின் விகாரம் நாங்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது, அது அவளிடமும் இருக்கலாம் என்பது மற்றது. இரண்டில் எது என்று ரிப்போர்ட் சொல்லாது. ‘இல்லை’ என்ற தாளை வைத்துக்கொண்டு அவள் நிம்மதியாக இருப்பாள், அந்த நிம்மதிக்கு அத்திவாரம் இராது. சின்னம்மாவில் முதலில் கண்டுபிடித்துவிட்டால் பிறகு மகளுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கலாம். அப்போது ‘இல்லை’ என்றால் இல்லைதான்.

செலவுக் கணக்கும் இதையே சொல்லும். பெரிய பரிசோதனை ஒருவருக்கு, ஒரே தரம். மற்ற எல்லோருக்கும் சாங்கரில் ஒற்றை இடம், அதற்குச் சின்னச் செலவு. வேலி முழுவதும் சுற்றுவது ஒருநாள், பிறகு ஒவ்வொருவரும் அந்தப் பொட்டை எட்டிப் பார்த்தால் போதும். தங்கச்சியின் டொக்டர் கேட்டதும் அந்த இடத்தின் விலாசத்தைத்தான்.

எங்கே அனுப்புவது

இதில்தான் எல்லோரும் அதிகம் கதைத்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஊதா மூடிக் குழாயில், உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. கலந்து எடுத்த இரத்தம் குளிரில் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். கொழும்பு இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு போகலாம். சின்னம்மா போகத் தேவையில்லை.

மூடியின் நிறத்தை மட்டும் கண்ணால் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த ஒரு குழாயின் மூடி பச்சை. உள்ளே ஹெப்பரின். அதுவும் இரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஆனால் பி.சி.ஆரையும் தடுக்கும். இரத்தம் கொடுத்தவர் நெடுந்தீவிலிருந்து படகில் வந்து திரும்பிப் போய்விட்டார், மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. குழாயைப் பிழையாக எடுத்த நிலையம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனிதப் பரம்பரையியல் அலகு 1983இலிருந்து இயங்குகிறது, அங்கே ஆலோசனையும் உண்டு. ஆலோசனை தமிழில் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நடுப்படி என்றால் என்னவென்று அரைகுறை மொழியில் விளங்கிக்கொள்ள முடியாது. சென்னையில் அந்தக் கஷ்டம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடக்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் முதல் புதிய தனியார் இடங்கள்வரை தமிழிலேயே கதைக்கலாம், பலாலியிலிருந்து விமானமும் இருக்கிறது. ஆனால் விசா, தங்குமிடம், துணைக்கு ஒருவர் என்று பரிசோதனையைவிடப் பயணம் வளர்ந்துவிடும். நான் கொழும்பைச் சொன்னேன். அதற்கு முன் தெல்லிப்பழை கிளினிக் டொக்டரிடம் கலண்டர் தாளைக் காட்டி, அவருடைய கடிதத்தோடு போகச் சொன்னேன். கடிதத்தோடு போகும் குழாய்க்கும் கடிதமில்லாமல் போகும் குழாய்க்கும் வித்தியாசம் இருக்கிறது: ரிப்போர்ட் திரும்பி வரும்போது அதை வாசிக்க ஒருவர் காத்திருப்பார்.

மாமாவின் ‘ஒண்டும் வேண்டாம்’

இதையும் ஒரு தெரிவாகத்தான் நான் எடுத்தேன், சிரித்துத் தள்ளவில்லை. மாமாவுக்கு இரண்டு குமர்கள். ஏற்கெனவே குறிப்புப் பார்த்துப் பொருத்தம் பார்க்கும் ஊர் இது. இன்னொரு குறிப்பை நாமே எழுதிக் கையில் கொடுக்கிறோம் என்று அவர் பயந்தார். கனடாவில் 2017இலிருந்து டி.என்.ஏ. முடிவைக் காட்டச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாதபடி சட்டம் இருக்கிறது. கலியாணப் புரோக்கருக்கு எந்தச் சட்டமும் இல்லை. அவர் பயம் வெறும் பயமல்ல. அதனால் ரிப்போர்ட் யாரிடம் இருக்கும், குடும்பக் குழுவில் யாரும் படம் பிடித்துப் போடக்கூடாது, 18 வயதாகாத பிள்ளைகளை இதற்குள் இழுக்கக்கூடாது என்று முதலே பேசி முடித்தோம். அந்த வயதில் தெரிந்து செய்வதற்கும் ஒன்றுமில்லை.

ஆனால் தெரியாமலிருப்பதன் விலையையும் அவருக்குச் சொன்னேன். கிட்டத்தட்ட 10,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளிவந்த கணக்கில், பிராக்கா-1 விகாரம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவீதம், பிராக்கா-2இல் 69. சூலகத்துக்கு முறையே 44, 17. பெரும்பாலும் மேற்கத்தியப் பெண்களின் கணக்கு அது, எங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். மார்பைக் கண்காணிக்கலாம்: விகாரம் உள்ளவருக்கு 25 வயதிலிருந்து எம்.ஆர்.ஐ., 30இலிருந்து மமோகிராமும் சேர்த்து. சூலகத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து பிரித்தானியாவில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. வருடாவருடம் இரத்தமும் ஸ்கானும் பார்த்தும் சாவு குறையவில்லை. ஆகவே அங்கே நம்பக்கூடிய வழி, பிள்ளைப்பேறு முடிந்தபின், பிராக்கா-1 என்றால் 35க்கும் 40க்கும் இடையில், பிராக்கா-2 என்றால் சற்றுப் பிந்தி, சூலகத்தையும் பலோப்பியன் குழாயையும் எடுத்துவிடுவது. யாருக்கு எடுக்க வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்று பரிசோதனை இல்லாமல் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் என்று நான் தொடங்கினேன், முடிக்கவில்லை. மாமா எழும்பிப்போய் முற்றத்தில் நின்றார்.

சின்னம்மாவிடம் கடைசியாகச் சொன்னது வேறு. “சின்னம்மா, உங்கட மார்புதான் 2010இல போனது. சூலகம் இன்னும் உள்ளுக்கத்தான் இருக்கு. மற்றப் பக்கமும் இருக்கு. இது பிள்ளையளுக்கு மட்டுமில்லை.”

முருங்கைக்காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினைந்து வருடமாக ஒருவரும் அதை அவருக்குச் சொல்லவில்லை.

ஆக நாங்கள் எடுத்த முடிவு: சின்னம்மாவுக்கு முப்பதுக்குள் பரம்பரையலகுகள் உள்ள தொகுதி, நீக்கமும் இரட்டிப்பும் சேர்த்து. நோயோடு தொடர்பு உறுதியாகாத பரம்பரையலகுகளைக் குவித்து எண்பது, நூறு என்று காட்டும் தொகுதி வேண்டாம். அதில் ஒன்றும் வராவிட்டால் நிற்போம், எக்ஸோமுக்கு ஓடமாட்டோம். குடும்ப வரலாற்றை வைத்து மட்டும் பெண்கள் எல்லோரும் கண்காணிப்பைக் கொஞ்சம் முந்தித் தொடங்குவார்கள். வந்தால், ஒவ்வொருவருக்கும் ஒற்றை இடம்.

போன புதன்கிழமை ஊதா மூடியில் இரண்டு குழாய் எடுத்தாயிற்று. ஒன்று பழுதானால் மற்றது. காரில் கூட்டிப்போனது மாமாதான். உள்ளே வரவில்லை, வாசலில் நிறுத்திவிட்டு இருந்தார். திரும்பி வரும் வழியில் சுன்னாகம் சந்திக்குக் கிட்ட மெல்லக் கேட்டார்.

“இது வந்தா, பிறகு என்ர பிள்ளையளுக்கு எப்ப எடுக்கிறது?”

“பிள்ளையளுக்கு இல்லை மாமா. முதல்ல உங்களுக்கு. உங்களிட்ட இல்லையெண்டா அவையள் ரெண்டு பேருக்கும் பார்க்கவே தேவையில்லை.”

“எனக்கோ? எனக்கு என்ன வருத்தம்? என்ர ரத்தத்தைப் பார்த்து என்ன காணப்போறியள்?”

பின் சீற்றில் பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த சின்னம்மா, “நான் சொல்லுறன் அவனுக்கு, நீ சும்மா இரு” என்றார்.